மினி டிராக்டரில் பின்பாரம்: முன்பக்கம் தூக்குவது ஏன்? வெயிட் எவ்வளவு மாட்ட வேண்டும்?

ரோட்டவேட்டரைத் தூக்கிக்கொண்டு வரப்பு ஏறும் மினி டிராக்டர், முன்சக்கரம் இரண்டும் ஒரு சாண் உயரம் எழும்பி, மறுபடி தொப்பென்று விழும். கிராமத்தில் இதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. “சின்ன வண்டிதானே, அப்படித்தான் தூக்கும்” என்று சொல்லிவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். பழகிய டிரைவராக இருந்தால், ஒரு பக்க பிரேக்கை மிதித்து வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விடுவார்.

ஆனால் சக்கரம் அந்தரத்தில் நிற்கும் அந்த ஒரு நொடியில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் ஒடித்தாலும் வண்டி கேட்காது. அந்த நொடி வரப்பில் வந்தால் பயிர் மிதிபடும். வாய்க்கால் பாலத்தில் வந்தால் வண்டி வாய்க்காலில் இறங்கும். தார் ரோட்டில், எதிரே பஸ் வரும்போது வந்தால்?

இதைத் தடுக்கத்தான் டிராக்டரின் மூக்கில் இரும்புத் தட்டுகளை மாட்டுகிறார்கள். விவசாயிகள் இதை ‘முன் வெயிட்’ என்பார்கள். மாட்டுவது எளிது. எவ்வளவு மாட்டுவது, எப்போது மாட்டுவது, எப்போது கழற்றுவது என்பதில்தான் குழப்பம். ‘வெயிட் கூடினால் வண்டி நன்றாக இழுக்கும்’ என்ற நம்பிக்கையில் மாட்டுபவர்களும் உண்டு. ‘வண்டிக்கு எதற்கு வீண் பாரம்’ என்று கழற்றி மாட்டுக்கொட்டகையில் போட்டுவிடுபவர்களும் உண்டு. இரண்டுமே பாதி உண்மைதான்.

சின்ன வண்டிக்கு ஏன் இந்தப் பிரச்சினை அதிகம்?

மினி டிராக்டர் என்று நாம் சொல்வது பெரும்பாலும் 15 முதல் 30 எச்.பி. வரை உள்ள வண்டிகள். கம்பம் பள்ளத்தாக்கில் திராட்சைப் பந்தலுக்குக் கீழே புகுந்து உழ வேண்டும். தென்னந்தோப்பில் மரத்துக்கும் மரத்துக்கும் நடுவே திரும்ப வேண்டும். வாழை, மல்பெரி, பருத்தி வரிசையில் செடியை மிதிக்காமல் போக வேண்டும். இதற்காகவே இவற்றைக் குட்டையாகவும், ஒடுக்கமாகவும், எடை குறைவாகவும் செய்திருக்கிறார்கள்.

வண்டிக்கு நல்லது என்று வைத்த அதே குணங்கள்தான் முன்பக்கம் தூக்குவதற்கும் காரணம். 45 எச்.பி. டிராக்டர் ஏறக்குறைய இரண்டு டன் இருக்கும். முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் நடுவே சுமார் இரண்டு மீட்டர் தூரம் இருக்கும். அதன் முதுகில் 250 கிலோ கலப்பை ஏறினால் அது பெரிதாக அசைந்து கொடுக்காது. மினி டிராக்டரோ ஒரு டன்னைச் சுற்றித்தான் இருக்கும். சில மாடல்கள் அதற்கும் கீழே. அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரமும் குறைவு. அதே 250 கிலோ கருவி இதற்கு மலை.

இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. கருவி வாங்கும்போது “உங்க வண்டி எத்தனை எச்.பி.?” என்றுதான் கடைக்காரர் கேட்பார். “வண்டி எத்தனை கிலோ?” என்று யாரும் கேட்பதில்லை. ரோட்டவேட்டரைச் சுற்ற எஞ்சினுக்குத் தெம்பு இருக்கலாம். அதைத் தூக்கிக்கொண்டு நிற்க வண்டியின் முன்பக்கத்துக்குப் பாரம் இருக்கிறதா என்பது வேறு கேள்வி.

மாட்டுவண்டி சொல்லும் பாடம்

முன்பாரம், பின்பாரம் என்ற இரண்டு சொற்களும் மாட்டுவண்டிக் காலத்திலிருந்தே நம்மிடம் உண்டு. மூட்டைகளை வண்டியின் பின்பக்கம் அதிகமாக ஏற்றிவிட்டால் பின்பாரமாகி, நுகத்தடி மேலே தூக்கி மாட்டின் கழுத்துக் கயிற்றை இறுக்கும். முன்பக்கம் அதிகமாக ஏற்றினால் முன்பாரமாகி, நுகம் மாட்டின் கழுத்தை அழுத்தும். அனுபவப்பட்ட வண்டிக்காரர் அச்சுக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் பார்த்துப் பார்த்து மூட்டையை மாற்றி வைப்பார்.

டிராக்டரிலும் இதேதான். பின்சக்கரத்தின் அச்சுதான் மாட்டுவண்டியின் அச்சு. அதற்குப் பின்னால் தொங்கும் ரோட்டவேட்டர் பின்பாரம். அதற்கு முன்னால் இருக்கும் எஞ்சின், ரேடியேட்டர், முன் அச்சு எல்லாம் முன்பாரம். பின்பாரம் ஜெயித்தால் முன்சக்கரம் மேலே போகும்.

இதில் எடை மட்டும் கணக்கல்ல, தூரமும் கணக்கு. கடப்பாரையை நுனியில் பிடித்து அழுத்தினால் பெரிய கல்லும் அசைகிறது. நடுவில் பிடித்தால் அசைவதில்லை. அதுபோல, கருவி பின் அச்சிலிருந்து எவ்வளவு தள்ளித் தொங்குகிறதோ, அந்த அளவுக்கு அதன் வலு கூடும். வெயிட் தட்டை முன் அச்சுக்கும் முன்னால், மூக்கில் கொண்டுபோய் மாட்டுவதற்கும் காரணம் இதுதான்.

ஒரு மாதிரிக் கணக்கு

கீழே உள்ள எண்கள் குறிப்பிட்ட எந்த மாடலுக்கும் உரியவை அல்ல. சின்ன வண்டிகளின் அளவில் ஓர் உதாரணத்துக்கு எடுத்துக்கொண்டவை.

- டிராக்டரின் எடை 900 கிலோ. முன் அச்சில் 360 கிலோ, பின் அச்சில் 540 கிலோ.
- இரண்டு அச்சுகளுக்கும் நடுவே உள்ள தூரம் 1.5 மீட்டர்.
- பின்னால் மாட்டிய கருவியின் எடை 280 கிலோ.
- பின் அச்சின் நடுவிலிருந்து கருவியின் எடை மையம் வரை 1.2 மீட்டர்.

கருவியைத் தூக்கியதும் முன் அச்சிலிருந்து எவ்வளவு எடை போகிறது? கருவியின் எடையை அது தொங்கும் தூரத்தால் பெருக்கி, அச்சுகளுக்கு நடுவே உள்ள தூரத்தால் வகுக்க வேண்டும். 280 × 1.2 ÷ 1.5 = 224 கிலோ. ஆக, 360 கிலோவாக இருந்த முன் அச்சில் மிச்சம் 136 கிலோதான்.

அந்த 224 கிலோ எங்கே போனது? பின் அச்சுக்குப் போனது. கருவியின் சொந்த எடை 280, முன்னாலிருந்து வந்தது 224. ஆக, பின் அச்சில் கூடுதலாக ஏறியது 504 கிலோ. வாங்கியது 280 கிலோ கருவி. பின் டயர் சுமப்பது 504 கிலோ. பின் டயரில் காற்றை அளவாக வைக்க வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

இப்போது முன்னால் வெயிட் மாட்டிப் பார்க்கலாம். 20 கிலோ தட்டு இரண்டு, மொத்தம் 40 கிலோ. முன் அச்சுக்கு அரை மீட்டர் முன்னால் மாட்டுகிறோம். அதாவது பின் அச்சிலிருந்து 2 மீட்டர். 40 × 2 ÷ 1.5 = 53 கிலோ. மாட்டியது 40 கிலோ. முன் அச்சுக்குக் கிடைத்தது 53 கிலோ. கடப்பாரையின் நுனியைப் பிடித்ததால் வந்த லாபம் இது. 136 கிலோ இப்போது 189 கிலோ ஆகிவிட்டது.

எவ்வளவு இருந்தால் போதும்?

டிராக்டர் கம்பெனிகளின் கையேடுகளில் பரவலாகக் காணப்படும் விதி ஒன்று உண்டு. கருவியைத் தூக்கிய நிலையிலும், வெறும் டிராக்டரின் எடையில் குறைந்தது 20 சதவீதம் முன் அச்சில் இருக்க வேண்டும். நம் உதாரண வண்டி 900 கிலோ. அதில் 20 சதவீதம் 180 கிலோ. வெயிட் இல்லாமல் 136 கிலோ இருந்தது; போதாது. இரண்டு தட்டு மாட்டியதும் 189 கிலோ, போதும். மூன்றாவது, நான்காவது தட்டுக்குத் தேவையே இல்லை.

“சக்கரம்தான் தரையைத் தொட்டுக்கிட்டு இருக்கே, அப்புறம் என்ன?” என்று கேட்கலாம். நிற்கும்போது தொடுவது ஒன்று, ஓடும்போது தொடுவது வேறு. பள்ளத்தில் இறங்கி ஏறும்போது பின்னால் தொங்கும் கருவி குலுங்கும். குலுங்கும் நேரத்தில் அதன் இழுப்பு நின்றிருந்தபோது இருந்ததைவிட அதிகம். மேட்டில் ஏறும்போது எடை இன்னும் பின்னால் சாயும். கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சினே முன்பக்கத்தைத் தூக்கும். இத்தனைக்கும் சேர்த்து வைத்த கையிருப்புதான் அந்த 20 சதவீதம். மேடு பள்ளமான ஊரில் இதைவிடக் கொஞ்சம் அதிகமாக வைத்துக்கொள்வது நல்லது.

லிப்ட் திறனைப் பார்த்து ஏமாற வேண்டாம். மினி டிராக்டர் விளம்பரங்களில் ‘தூக்கும் திறன் 750 கிலோ’ என்று இருக்கும். அது ஹைட்ராலிக் கைகளின் பலம். நம் உதாரண வண்டியில் பின் அச்சிலிருந்து வெறும் 0.8 மீட்டரில் 750 கிலோவைத் தூக்கினால், முன் அச்சிலிருந்து 400 கிலோ போக வேண்டும். முன்னால் இருப்பதே 360 கிலோதான். கருவி எழும்புவதற்குப் பதிலாக டிராக்டரின் முன்பக்கம் எழும்பும்.

கணக்கு வராது என்பவர்களுக்கு எடைமேடை

தூரத்தை அளந்து பெருக்கி வகுக்க எல்லோராலும் முடியாது. முடிந்தவர்களுக்கும் கருவியின் எடை மையம் எங்கே என்று தெரியாது. அதற்கு எளிய வழி எடைமேடை. அரிசி ஆலை, கல்குவாரி, கரும்பு ஆலைப் பக்கங்களில் இது இருக்கும்.

முதலில் கருவி மாட்டாமல் வண்டி முழுவதையும் மேடையில் ஏற்றி எடை பார்க்க வேண்டும். இதில் 20 சதவீதம் எவ்வளவு என்று குறித்துக்கொள்ள வேண்டும். அடுத்து கருவியை மாட்டி, ரோட்டில் கொண்டுபோகும் உயரத்துக்குத் தூக்கி, முன்சக்கரம் இரண்டும் மட்டும் மேடையில் நிற்கும்படி நிறுத்த வேண்டும். பின்சக்கரம் மேடைக்கு வெளியே, அதே மட்டத்தில் இருக்க வேண்டும். பள்ளத்தில் நின்றால் கணக்கு தப்பும். டிரைவர் இரண்டு தடவையும் இறங்கிவிட வேண்டும். கருவியைத் தூக்கி வைத்திருக்கும் நேரத்தில் யாரும் அதன் அடியிலோ பக்கத்திலோ நிற்கக் கூடாது.

இரண்டாவது எண் முதலில் குறித்த 20 சதவீதத்தைவிடக் குறைவாக இருந்தால் வெயிட் வேண்டும். உங்களிடம் உள்ள கருவிகளில் எது அதிக எடையோ, எது அதிகம் பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறதோ, அதை மாட்டிப் பார்த்தால் போதும். மற்றவை அதற்குள் அடங்கிவிடும்.

புதிதாக வண்டி வாங்குபவர்களுக்கு இன்னொரு வழியும் உண்டு. மத்தியப் பிரதேசத்தின் புத்னியில் உள்ள மத்திய அரசின் பண்ணை இயந்திரப் பயிற்சி, சோதனை நிறுவனம் டிராக்டர்களைச் சோதித்து அறிக்கை தருகிறது. வெயிட் மாட்டியும் மாட்டாமலும் முன் அச்சில் எவ்வளவு, பின் அச்சில் எவ்வளவு என்ற விவரம் அதில் இருக்கும். டீலரிடம் மைலேஜ் கேட்பதோடு இதையும் கேட்கலாம்.

வெயிட் வாங்கும் முன் செலவில்லாத வழிகள்

முதலில் பார்க்க வேண்டியது தூரம். நம் உதாரணத்தில் கருவியை 10 சென்டிமீட்டர் முன்னால் கொண்டுவந்தால், முன் அச்சுக்குச் சுமார் 19 கிலோ திரும்பக் கிடைக்கிறது. காசு செலவில்லாமல் கிட்டத்தட்ட ஒரு தட்டு. லிங்க்கில் வேறு துளை இருந்தால், கருவி டயரிலோ பி.டி.ஓ. ஷாப்ட்டிலோ இடிக்காது என்று உறுதியானால் மாற்றிப் பார்க்கலாம். கருவியைப் பின்னால் தள்ளும் நீட்டிப்புகள் எதையாவது வெல்டிங் பட்டறையில் சேர்த்திருந்தால் அதுவும் கணக்கில் வரும்.

ரோட்டவேட்டரின் மேலே மண்மூட்டையைக் கட்டி ‘ஆழமாக இறங்கட்டும்’ என்று ஓட்டுபவர்கள், ரோட்டுக்கு வரும்போது அதை இறக்கிவிட வேண்டும். மூட்டை இருக்கும் இடம் பின் அச்சிலிருந்து ஒரு மீட்டருக்கும் மேல் தள்ளி. அங்கே 50 கிலோ ஏறினால், முன்பக்கம் இழப்பது ஏறக்குறைய 40 கிலோ.

செங்குத்தான மேடு என்றால், கனமான கருவியோடு முன்னோக்கி ஏறாமல் ரிவர்ஸில் ஏறுவது பாதுகாப்பு. பார்ப்பவர்கள் சிரிக்கலாம். சிரித்துவிட்டுப் போகட்டும்.

எதை மாட்டுவது?

கம்பெனி தரும் வார்ப்பிரும்புத் தட்டுகள்தான் முதல் தேர்வு. பெட்டியைத் தூக்கும் பிடி போல மேலே கைப்பிடியோடு இருக்கும். அந்த மாடலுக்கு என்றே செய்த பிராக்கெட்டில் வரிசையாகத் தொங்கும். கழன்று விழாமல் குறுக்கே ஒரு கம்பியோ போல்ட்டோ போகும். இரண்டு பக்கமும் சமமாக இருக்கும்படி மாட்ட வேண்டும். மாட்டிய முதல் நாள் ஓட்டிய பிறகு நட்டுகளை ஒருமுறை மறுபடி முடுக்க வேண்டும். தட்டு காலில் விழுந்தால் விரல் நசுங்கும். செருப்போடு இந்த வேலையைச் செய்யக் கூடாது.

சொந்தமாகச் செய்துகொள்பவர்களும் நிறைய. பெயின்ட் வாளியில் கான்கிரீட் நிரப்பி, நடுவே ஒரு கம்பியைச் சொருகி மாட்டுவார்கள். 20 லிட்டர் வாளி நிறைந்தால் சுமார் 48 கிலோ வரும். எடை என்ற அளவில் அதில் குறை இல்லை. குறை இருப்பது மற்ற விஷயங்களில். இரும்பின் எடையைக் கொண்டுவர, கான்கிரீட்டுக்கு மூன்று மடங்கு இடம் வேண்டும். அந்த வாளி ரேடியேட்டருக்கு முன்னால் நின்று காற்றை மறைத்தால் எஞ்சின் சூடாகும். ஹெட்லைட்டை மறைத்தால் இரவில் ஆபத்து. நாள்பட்ட அதிர்வில் கம்பி தளர்ந்து வாளி விழுந்தால், அது முதலில் விழும் இடம் முன்சக்கரத்தின் பாதை. மணல் மூட்டை மழையில் நனைந்தால் எடை மாறும். கிழிந்தால் இல்லாமலே போகும்.

இதையெல்லாம்விட மோசமான ‘வெயிட்’ ஒன்று உண்டு. “டேய், முன்னாடி ரெண்டு பேர் ஏறி உக்காருங்கடா” என்பது. பானெட்டிலும் பம்பரிலும் ஆளை ஏற்றி வண்டியை மேட்டில் ஏற்றும் பழக்கம் இன்னும் இருக்கிறது. கணக்குப்படி பார்த்தால் இரண்டு ஆள் என்பது 120 கிலோ. முன்பக்கம் தாழத்தான் செய்யும். ஆனால் பம்பரில் உட்கார்ந்தவர் வழுக்கினால் விழுவது வண்டிக்கு முன்னால். பிரேக்கை மிதிப்பதற்குள் சக்கரம் மேலே ஏறிவிடும். ஆளை உட்கார வைக்க வேண்டிய நிலை வந்தால், அந்த வண்டிக்கு அந்தப் பாரம் அதிகம் என்றுதான் அர்த்தம்.

முன் வெயிட் மாட்டினால் இழுவை கூடுமா?

இது வண்டியைப் பொறுத்தது. இரண்டு சக்கர இழுவை உள்ள வண்டியில் இழுப்பது பின்சக்கரம் மட்டும். முன்னால் மாட்டும் எடை அதற்கு உதவாது. சொல்லப்போனால், பின்சக்கரத்தின் பாரத்தைக் கொஞ்சம் குறைக்கும். நம் உதாரணத்தில் 40 கிலோ தட்டு, பின் அச்சிலிருந்து 13 கிலோவை எடுத்துவிடுகிறது. ஆகவே இந்த வண்டிகளில் முன் வெயிட் ஸ்டியரிங்குக்காக மட்டுமே.

ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் கதை வேறு. முன்சக்கரமும் இழுக்கிறது. அதற்கும் தரையில் பிடி வேண்டும். கருவி மாட்டாமல் நிற்கும்போது மொத்த எடையில் சுமார் 40 சதவீதம் முன்னால் இருப்பது இத்தகைய வண்டிகளுக்குப் பொதுவாகச் சொல்லப்படும் அளவு. இரண்டு சக்கர இழுவை வண்டியில் கருவியைத் தூக்கி ஓட்டும் வேலைக்கு 35 சதவீதத்தை ஒட்டி.

பின்சக்கரம் வழுக்குகிறது என்றால் பின்னால்தான் எடை வேண்டும். பின்சக்கர டிஸ்க்கில் இரும்பு வளையம் மாட்டலாம். அல்லது டியூபில் வால்வு மட்டம் வரை, அதாவது முக்கால் பங்கு தண்ணீர் நிரப்பலாம். உறைபனி விழும் நீலகிரி போன்ற இடங்களைத் தவிர நம் ஊரில் வெறும் தண்ணீரே போதும்.

ஆனால் முன்பக்கம் தூக்குவதற்கு இது மருந்தல்ல. பின்சக்கரத்தில் ஏற்றும் எடை நேராகப் பின் அச்சின் மேலேயே உட்காருகிறது. தராசின் நடுமுள்ளில் கல்லைக் கட்டினால் எந்தத் தட்டும் இறங்காது. “டயர்ல தண்ணி விட்டாச்சு, இனி தூக்காது” என்று நினைப்பது தவறு. பிடி கூடிய பின்சக்கரம் வழுக்காமல் இழுப்பதால், முன்பக்கம் முன்பைவிட எளிதாகக்கூட எழும்பலாம்.

எடை அதிகமானால்?

முன் வெயிட்டை வருஷம் முழுக்கக் கழற்றாமல் வைத்திருப்பதிலும் தொல்லை உண்டு. ஸ்டியரிங் கனக்கும். முன் அச்சின் பேரிங்கும் கிங்பின்னும் சீக்கிரம் தேயும். முன் டயர் மண்ணை இறுக்கும். தேவையில்லாத பாரத்தைத் தள்ளிக்கொண்டு போக டீசல் செலவாகும்.

சேற்று உழவில் இது நேராகவே கண்ணுக்குத் தெரியும். தொளியில் முன்சக்கரம் ஏற்கெனவே புதையும். அதன் மேல் தட்டையும் தொங்கவிட்டால் மூக்கு சேற்றில் உழுதுகொண்டு போகும். சேற்றில் ரோட்டவேட்டர் இறங்கி வேலை செய்யும் நேரத்தில் அதன் எடையில் பெரும்பகுதியை மண்ணே தாங்குகிறது. தூக்கித் திருப்பும்போதுதான் பின்பாரம் வருகிறது. ஆகவே சேற்று உழவுக்குத் தட்டைக் குறைத்து, வயலை விட்டு வெளியே வரும்போதும் ரோட்டில் போகும்போதும் கவனமாக இருப்பது ஒரு வழி. எடை குறைந்த ரோட்டவேட்டரைப் பயன்படுத்துவது அதைவிட நல்ல வழி.

எவ்வளவுதான் தேவைப்பட்டாலும் ஒரு எல்லை உண்டு. முன் அச்சும் முன் டயரும் எவ்வளவு தாங்கும் என்பது கையேட்டில் இருக்கும். அந்த அளவைத் தாண்டி மாட்ட வேண்டியிருந்தால் குறை வெயிட்டில் இல்லை; கருவிதான் வண்டிக்குப் பெரிது.

முன்னால் லோடர் பொருத்திய வண்டிக்கு விதி தலைகீழ். எரு அள்ளும் வாளி முன்னால் தொங்கும்போது எடை வேண்டியது பின்னால். மினி டிராக்டர்களில் பிரேக் பெரும்பாலும் பின்சக்கரத்தில்தான். பின்பக்கம் லேசானால் இறக்கத்தில் பிரேக் மிதித்தாலும் சக்கரம் வழுக்கிக்கொண்டே போகும். லோடர் வேலைக்கு முன் மூக்கில் உள்ள தட்டுகளைக் கழற்றிவிட்டு, பின்னால் கனமான கருவி ஒன்றை மாட்டிக்கொள்வது வழக்கம்.

முன் வெயிட் காப்பாற்றாத இடம்

டிராக்டர் பின்பக்கமாகக் கவிழும் விபத்துகளில் உயிர் போவது அதிகம். காரணம் வேகம். முன்சக்கரம் எழும்பத் தொடங்கி, இனி திருப்ப முடியாது என்ற நிலைக்கு வர ஒரு நொடிகூட ஆவதில்லை. முக்கால் நொடி போதும். “தூக்குதே” என்று உணர்ந்து கிளட்சை மிதிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.

இந்த ஆபத்து டிராக்டரோடு பிறந்தது. 1917-ல் பெருமளவில் தயாரிப்புக்கு வந்த ஃபோர்ட்சன் டிராக்டர், கலப்பை கல்லிலோ வேரிலோ மாட்டினால் பின்பக்கமாகக் கவிழ்வதற்குப் பேர் போனது. கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுத்த காலம் அது. அயர்லாந்தைச் சேர்ந்த ஹாரி பெர்குசன் கலப்பையை மூன்று புள்ளிகளில் டிராக்டரோடு இணைத்தார். உழும்போது கலப்பையின் எதிர்ப்பு மேல் லிங்க் வழியாக முன்னோக்கித் தள்ளி, டிராக்டரின் முன்பக்கத்தைத் தரையில் அழுத்தும்படி அந்த இணைப்பு அமைந்தது. 1939-ல் ஃபோர்டு நிறுவனத்தோடு சேர்ந்து வந்த 9என் டிராக்டர் இதைப் பரவலாக்கியது. இன்று நம் மினி டிராக்டரில் இருப்பதும் அதே மூன்று புள்ளி இணைப்புதான். உழும்போது தூக்காத வண்டி, கருவியைத் தூக்கியதும் தூக்குவது ஏன் என்பதற்கும் விடை இதில் இருக்கிறது. கருவி மண்ணில் இருக்கும்போது அது உதவி. காற்றில் இருக்கும்போது சுமை.

அந்த இணைப்பைத் தவறாகப் பயன்படுத்தினால் பழைய ஆபத்து திரும்பி வரும். மரக்கட்டையையோ, சிக்கிய வண்டியையோ இழுக்கச் சங்கிலியை மேல் லிங்க் மாட்டும் இடத்திலும், அச்சைச் சுற்றியும் கட்டுபவர்கள் உண்டு. இழுக்கும் இடம் பின் அச்சின் உயரத்துக்குப் போய்விட்டால், எஞ்சினின் பலம் முழுவதும் வண்டியைப் பின்னால் சாய்க்கும். சங்கிலியைக் கீழே உள்ள டிராபாரில் மட்டுமே மாட்ட வேண்டும்.

சேற்றில் சிக்கிய வண்டியின் பின்சக்கரத்துக்கு அடியில் கட்டையை வைத்தோ, சக்கரத்தோடு சேர்த்துக் கட்டியோ முன்னோக்கி எடுப்பது அதைவிட ஆபத்து. சக்கரம் சுற்ற முடியாமல் நின்றால், எஞ்சினின் முறுக்கு சக்கரத்துக்குப் பதிலாக வண்டியைச் சுற்றும். அதாவது முன்பக்கம் எழும்பி டிரைவரின் மேலே வரும். அந்த முறுக்குக்கு முன்னால் 40 கிலோ தட்டு ஒரு பொருட்டே அல்ல. சிக்கிய வண்டியை முதலில் ரிவர்ஸில் எடுக்கப் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் மண்ணை வெட்டிவிட்டு இன்னொரு வண்டியால் இழுக்க வேண்டும்.

டிரெய்லரிலும் இதே எச்சரிக்கை வேண்டும். இரண்டு சக்கர டிரெய்லரில் கல், மணல், கரும்பு எதுவானாலும் முன்பக்கம் குவித்து ஏற்றினால் பாரம் கொக்கியில் இறங்கும். மேட்டில் ஏறும்போது மினி டிராக்டரின் மூக்கு எழும்ப இதுவே போதும். பாரத்தை டிரெய்லரின் அச்சைச் சுற்றிப் பரவலாக ஏற்றுவதும், வண்டி தாங்கும் அளவோடு நிறுத்துவதும்தான் வழி.

கவிழ்ந்த பிறகும் டிரைவரைக் காப்பாற்றுவது, இருக்கைக்குப் பின்னால் வளைவாக நிற்கும் பாதுகாப்புச் சட்டமும் சீட் பெல்ட்டும் மட்டுமே. புது டிராக்டர்களில் இந்தச் சட்டம் கட்டாயம் என்று ஸ்வீடன் 1959-லேயே விதி கொண்டுவந்தது. அங்கே கவிழ்ந்து இறப்பது பெருமளவு குறைந்தது. பந்தலில் இடிக்கிறது என்று இதைக் கழற்றி வைப்பவர்கள், மடக்கும் வகையைக் கேட்டு வாங்கலாம். பந்தலுக்கு வெளியே வந்ததும் நிமிர்த்திவிட வேண்டும். சட்டம் நிமிர்ந்திருக்கும்போது பெல்ட் போட வேண்டும். மடக்கியிருக்கும்போது போடக் கூடாது.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

- கருவியைத் தூக்கியதும் ஸ்டியரிங் திடீரென்று பஞ்சு மாதிரி லேசாகிறது.
- வயலின் ஓரத்தில் திருப்பும்போது சக்கரம் திரும்புகிறது, வண்டி நேராகப் போகிறது.
- ஒரு பக்க பிரேக்கை மிதிக்காமல் திருப்ப முடியவில்லை.
- ரோட்டில் வேகத்தடை ஏறி இறங்கும்போது முன்பக்கம் ஆடுகிறது.

இவற்றில் ஒன்று இருந்தாலும் எடை பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது. ஒரு பக்க பிரேக்கால் திருப்புவது வயலில் சரி. ரோட்டுக்கு வந்ததும் இரண்டு பிரேக் மிதியையும் கொக்கி போட்டு இணைத்துவிட வேண்டும். வேகத்தில் ஒரு சக்கரம் மட்டும் பிடித்தால் வண்டி அந்தப் பக்கமாகச் சுழன்று கவிழும். பிரேக்கை இணைத்துவிட்ட பிறகு திருப்புவதற்கு முன்சக்கரம் மட்டுமே மிச்சம். அது தரையில் இருந்தாக வேண்டும்.

மாட்டுவண்டியில் பின்பாரமானால் மாடு நின்றுவிடும், இல்லாவிட்டால் முரண்டு பிடிக்கும். டிராக்டர் அப்படி எதுவும் சொல்லாது. இழுக்கச் சொன்னால் இழுத்துக்கொண்டே இருக்கும். கருவி மாறும்போதெல்லாம் முன்னால் எவ்வளவு பாரம் மிச்சம் இருக்கிறது என்று ஓட்டுபவர்தான் பார்க்க வேண்டும்.